சொந்த நிலத்தில் ஓடுபாதையா, கவுண்டி விமான நிலையத்தில் கொட்டகையா?

அமெரிக்காவில் தனி விமான ஓட்டி உரிமம் பெற்று, இரண்டு அல்லது நான்கு இருக்கைகள் கொண்ட சிறு விமானம் ஒன்றை வாங்கியவருக்குச் சில ஆண்டுகளிலேயே ஓர் ஆசை வந்துவிடுகிறது. ஊருக்கு வெளியே கொஞ்சம் நிலம் வாங்கி, அதில் ஒரு புல் ஓடுபாதை போட்டு, வீட்டு வாசலிலிருந்தே கிளம்ப வேண்டும் என்பதுதான் அது. அந்த நாட்டில் இது விபரீதமான ஆசையும் அன்று. அங்குள்ள ஏறத்தாழ 20,000 விமான இறங்குதளங்களில் பொதுப் பயன்பாட்டுக்குத் திறந்திருப்பவை 5,000 அளவில்தான். மீதியுள்ளவற்றில் பெரும்பாலானவை தனியாருடையவை, அவற்றுள்ளும் பல, புல் வெட்டிய ஒரு கீற்று நிலம் மட்டுமே.

ஆசையை நிறைவேற்ற ஐந்து வழிகள் உண்டு. யாரிடமும் கேட்காமல் எப்போதாவது இறங்கி ஏறுவது. நம் மாவட்டத்தைப் போன்ற உள்ளாட்சி அமைப்பான கவுண்டியிடம் முறையாக அனுமதி பெற்றுப் புதிய ஓடுபாதை அமைப்பது. ஏற்கெனவே ஓடுபாதை உள்ள நிலத்தை வாங்குவது. விமானம் வைத்திருப்போர் கூடி வாழும் குடியிருப்பில் மனை வாங்குவது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பொது விமான நிலையத்தில் விமானத்தை நிறுத்த ஒரு கொட்டகையை வாடகைக்கு எடுப்பது. இவற்றில் எது நல்லது என்பதை விமானமோ பணமோ தீர்மானிப்பதைவிட, ஓடுபாதையின் இரு முனைகளுக்கு அப்பால் யார் வீடு இருக்கிறது என்பதே தீர்மானிக்கிறது என்பது என் கருத்து. அதை விளக்க, முதலில் அதிகாரம் யார் யார் கையில் இருக்கிறது என்று பார்த்துவிட வேண்டும்.

வானம் ஒருவருக்கு, நிலம் இன்னொருவருக்கு

கூட்டாட்சி விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்.ஏ.ஏ.விடம் கடிதம் வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். உண்மையில் எஃப்.ஏ.ஏ. தருவது அனுமதியே அல்ல. கூட்டாட்சி விதித்தொகுப்பின் 14ஆம் தலைப்பு, 157ஆம் பகுதியின்படி, புதிய இறங்குதளம் அமைப்பவர் பணி தொடங்குவதற்கு 90 நாள்களுக்கு முன்பே 7480-1 என்ற படிவத்தில் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அருகிலுள்ள விமான நிலையங்கள், வான்வழித்தடங்கள், உயரமான கோபுரங்கள் ஆகியவற்றோடு அது மோதுமா என்று ஆராய்ந்து, ஆட்சேபம் இல்லை என்றோ, நிபந்தனைக்கு உட்பட்டு ஆட்சேபம் இல்லை என்றோ, ஆட்சேபத்துக்குரியது என்றோ அவர்கள் தங்கள் முடிவைத் தெரிவிப்பார்கள். அந்த முடிவு வான்வெளியின் பாதுகாப்பான பயன்பாட்டைப் பற்றியதே தவிர, உள்ளூர்ச் சட்டங்களுக்குக் கட்டுப்பட வேண்டிய கடமையிலிருந்து எவரையும் விடுவிப்பதில்லை.

நிலத்தின் மீதான அதிகாரம் கவுண்டியிடமோ நகராட்சியிடமோ இருக்கிறது. 1973இல் பர்பேங்க் நகரம் இரவு 11 மணி முதல் காலை 7 மணி வரை ஜெட் விமானங்கள் புறப்படத் தடை விதித்தபோது, பறக்கும் விமானத்தை ஒழுங்குபடுத்துவது கூட்டாட்சியின் வேலை என்று சொல்லி உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை 5க்கு 4 என்ற கணக்கில் ரத்து செய்தது. இதைக் காட்டி, உள்ளூர்க்காரர்கள் நம்மை ஒன்றும் செய்ய முடியாது என்று வாதிடுபவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் 1996இல் மிச்சிகனின் லேக் ஏஞ்சலஸ் என்ற சிற்றூர் தொடர்பான வழக்கையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஏரிக்கரையில் வீடு வைத்திருந்த ஒருவர் தம் மிதவை விமானத்தை அந்த ஏரியில் இறக்க விரும்பினார், ஊர் தடுத்தது. விமானம் எங்கே இறங்கலாம் என்பது நிலப் பயன்பாட்டுக் கேள்வி, அதில் ஊருக்கு அதிகாரம் உண்டு என்று ஆறாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விமானம் காற்றில் இருக்கும்வரை வாஷிங்டனின் ஆட்சி, சக்கரம் புல்லைத் தொடும் இடம் எது என்பதில் ஊரின் ஆட்சி என்று சுருக்கமாக வைத்துக்கொள்ளலாம்.

இடையில் மாநிலமும் இருக்கிறது. இல்லினாய், பென்சில்வேனியா போன்ற மாநிலங்கள் தனியார் இறங்குதளத்துக்கும் தங்கள் சான்றிதழோ உரிமமோ வேண்டும் என்கின்றன. டெக்சஸில் நிலைமை தலைகீழ். எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று வகுக்கும் நில மண்டல அதிகாரம் அங்கே கவுண்டிகளுக்குப் பொதுவாகக் கிடையாது என்பதால், நகர எல்லைக்கு வெளியே ஓடுபாதை போடுபவரைத் தடுக்கப் பல இடங்களில் எந்த அலுவலகமும் இல்லை. ஆனால் கவுண்டி பேசாவிட்டாலும் பத்திரம் பேசும். நிலம் ஒரு மனைப்பிரிவின் பகுதியாக இருந்தால், விமானம் இறங்கக் கூடாது என்ற கட்டுப்பாடு அதன் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கலாம். நம் ஊரில் வில்லங்கம் பார்ப்பதைப் போல இதையும் பார்க்காமல் முன்பணம் கொடுப்பது அறிவுடைமை ஆகாது.

கடைசியாக அண்டை வீட்டாரும் நீதிமன்றமும். இந்தத் துறையில் எல்லோரும் மேற்கோள் காட்டும் வழக்கு 1946இல் வந்தது. வட கரோலினாவின் கிரீன்ஸ்பரோ அருகே கோழிப்பண்ணை வைத்திருந்த காஸ்பி குடும்பத்தின் நிலத்துக்கு மேலே, பக்கத்து விமானத்தளத்தில் இறங்கும் ராணுவ விமானங்கள் 83 அடி உயரத்தில் வந்தன. வீட்டின் கூரைக்கு மேலே எஞ்சியது 67 அடி. மிரண்ட கோழிகள் சுவரில் மோதிச் செத்தன. மொத்தம் 150 கோழிகள் அளவுக்குப் போய், பண்ணையையே மூட வேண்டியதாயிற்று. நிலத்தின் உரிமை விண்ணளவு நீள்கிறது என்ற பழைய கோட்பாட்டை உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை. எனினும், இவ்வளவு தாழ்வாகவும் இவ்வளவு அடிக்கடியும் பறப்பது நிலத்தையே எடுத்துக்கொள்வதற்குச் சமம் என்றது. அங்கே எதிர்வாதி அரசு. தனியார் ஓடுபாதை என்றால் அதே குறை, அத்துமீறல் வழக்காகவோ தொல்லை வழக்காகவோ வரும். அவர்கள் வருவதற்கு முன்பே நான் இங்கே இருந்தேன் என்ற வாதம் நீதிபதி எடைபோடும் காரணிகளில் ஒன்றுதானே தவிர, அது மட்டும் யாரையும் காப்பாற்றிவிடாது.

நாற்பது ஏக்கரின் கணக்கு

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் நிலத்தை அளந்து பார்ப்பது நல்லது. பலருடைய ஆசை இந்த இடத்திலேயே முடிந்துவிடும். அமெரிக்காவின் நடுப்பகுதியிலும் மேற்கிலும் நிலம் ஒரு மைல் சதுரங்களாக அளக்கப்பட்டது. ஒரு சதுரம் 640 ஏக்கர். அதன் கால் பாகத்தில் கால் பாகம் 40 ஏக்கர். விளம்பரங்களில் அடிக்கடி காணும் இந்த 40 ஏக்கரின் ஒரு பக்கம் 1,320 அடி, மூலைக்கு மூலை 1,867 அடி.

செஸ்னா 172எஸ் விமானம், கடல் மட்டத்தில், 15 டிகிரி வெப்பத்தில், தார்ப் பாதையில், முழு எடையோடு புறப்பட்டு 50 அடி உயரத் தடையைத் தாண்ட 1,630 அடி வேண்டும் என்கிறது அதன் கையேடு. தரையில் ஓடும் தூரம் மட்டும் 960 அடி. உலர்ந்த புல்லாக இருந்தால் அந்த ஓட்டத்தில் 15 சதவீதத்தைக் கூட்டிக்கொள்ளச் சொல்கிறது. ஆக, ஏறக்குறைய 1,775 அடி. கோடை வெயிலிலோ மலைப்பகுதியிலோ இது இன்னும் நீளும். நிலத்தின் எல்லை நெடுகப் பாதை போட்டால், அண்டை நிலத்தின் மீது இன்னும் 50 அடிகூட ஏறாத விமானம் பறக்கும். மூலைவிட்டமாகப் போட்டால் நம் நிலமே இரண்டு முக்கோணங்களாகி, வீடு கட்டவோ பயிர் செய்யவோ உருப்படியான இடம் மிஞ்சாது. இறங்கும்போதும் இதே கதைதான். 20 அடி முன்னேறினால் 1 அடி இறங்கும் சரிவை வழக்கமான அளவாகக் கொண்டால், எல்லையில் 50 அடி உயர மரம் ஒன்று நின்றால் அதிலிருந்து 1,000 அடி தள்ளித்தான் தரையைத் தொட முடியும். 1,320 அடியில் மீதி 320 அடி.

அந்த மரம் அண்டை வீட்டாருடையதாக இருந்தால் அதை வெட்டச் சொல்ல நமக்கு உரிமை இல்லை. இன்று மரம் இல்லாவிட்டாலும் நாளை அவர் நடலாம், தானியக் குதிர் கட்டலாம், கோபுரம் எழுப்பலாம். பொது விமான நிலையங்களின் நுழைவழியைக் காக்கும் கூட்டாட்சி விதிகள், கண்பார்வையை நம்பி மட்டும் இயங்கும் தனியார் ஓடுபாதைக்கு அந்தக் காப்பைத் தருவதில்லை. இதற்கு இருக்கும் ஒரே மருந்து, அவர் நிலத்துக்கு மேலே தடையின்றிப் பறக்கும் பறப்பு வசதியுரிமையை அவரிடம் விலை கொடுத்து வாங்கி, அதைக் கவுண்டி பதிவேட்டில் பதிவு செய்வது. ஸூப்பர் கப் போன்ற, சில நூறு அடியில் எழும்பும் விமானம் வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு நிறையவே தளரும். நான்கு இருக்கை விமானத்தோடு குடும்பத்தை ஏற்றிச் செல்ல நினைப்பவர் 80 ஏக்கருக்குக் குறைந்த நிலத்தைப் பார்ப்பதே வீண்; அந்த 80 ஏக்கரும் 1,320க்கு 2,640 அடி என்று நீளவாக்கில் இருக்க வேண்டும், காற்றும் அந்த நீளவாக்கிலேயே அடிக்க வேண்டும்.

கேட்காமல் இறங்குவது

157ஆம் பகுதியில் ஒரு விலக்கு இருக்கிறது. நிலையான விமானத்தளம் அல்லாத ஓர் இடத்தை, கருவிகளை நம்பாமல் வெளியே பார்த்துப் பறக்கும் கண்பார்வை விதிகளின்படி மட்டும், வாரத்தில் மூன்று நாளுக்கு மிகாமல், நாளொன்றுக்குப் பத்து இயக்கங்களுக்கு மிகாமல், ஓராண்டுக்கும் குறைவாகப் பயன்படுத்துபவர் எஃப்.ஏ.ஏ.வுக்கு அறிவிக்க வேண்டியதில்லை. ஓர் ஏற்றமும் ஓர் இறக்கமும் இரண்டு இயக்கங்கள் என்பதால், நாளைக்கு ஐந்து முறை போய் வரலாம். இந்த விலக்கைப் படித்தவர்கள் அந்த ஓராண்டு வரம்பை மட்டும் வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

இந்த வழியின் ஈர்ப்பு வெளிப்படையானது: செலவு இல்லை, விசாரணை இல்லை, காத்திருப்பு இல்லை. வைக்கோல் வெட்டிய பிறகு நிலத்தில் இறங்கிப் பார்த்து, காற்று எப்படி அடிக்கிறது, மழைக்குப் பின் எங்கே நீர் தேங்குகிறது என்று கற்றுக்கொள்ள இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் விலக்கு எஃப்.ஏ.ஏ.வுக்கு மட்டும்தான், கவுண்டி விதியில் விமான இறங்குதளம் என்பது அனுமதி தேவைப்படும் பயன்பாடாக இருந்தால், முதல் இறக்கமே மீறலாகலாம். விவசாய நிலம்தானே என்ற சமாதானமும் நிற்காது. பயிருக்கு மருந்து தெளிக்கும் விமானத்துக்குக் கிடைக்கும் சலுகை, ஞாயிற்றுக்கிழமை காலை உணவுக்குப் பறந்து போகும் விமானத்துக்கும் கிடைக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

யாருக்கும் தெரியாது என்ற நினைப்பும் இந்தக் காலத்துக்குப் பொருந்தாது. விமானத்திலுள்ள ஏ.டி.எஸ்.-பி. கருவி தன் பதிவெண்ணையும் உயரத்தையும் நொடிக்கு நொடி ஒலிபரப்புகிறது. பக்கத்து வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்தபடியே கைப்பேசியில் அதைப் பார்த்துப் படமெடுத்து வைத்துக்கொள்ளலாம். பின்னால் முறையான அனுமதிக்குப் போகும் நாளில், அந்தப் படங்களே எதிர்த்தரப்பின் முதல் சாட்சியாக வந்து நிற்கும். ஓராண்டுச் சோதனைக்கு, அதுவும் கவுண்டி விதி இடம் கொடுத்து, சுற்றியுள்ள எல்லா வீட்டாரிடமும் சொல்லிவிட்டுச் செய்தால், இந்த வழி பயனுள்ளது. நிரந்தர ஏற்பாடாக நினைத்தால் இது ஐந்திலும் கடைசி.

விசாரணை மேடையில் ஒரு மாலை

பெரும்பாலான கிராமப்புறக் கவுண்டிகளில் தனியார் ஓடுபாதை முழுத் தடைக்கு உட்பட்டதும் அன்று, தானாக அனுமதிக்கப்பட்டதும் அன்று. இரண்டுக்கும் நடுவில், நிபந்தனைகளோடு அனுமதிக்கத்தக்க பயன்பாடாக வைக்கப்பட்டிருக்கிறது. விண்ணப்பம், அளவையாளர் வரைந்த வரைபடம், கட்டணம், சில மாநிலங்களில் சுற்றுச்சூழல் தாக்கப் படிவம், குறிப்பிட்ட தூரத்துக்குள் இருக்கும் நிலச் சொந்தக்காரர்கள் அனைவருக்கும் அஞ்சலில் அறிவிப்பு, அதன்பின் பொது விசாரணை என்று இது நடக்கும். சதுப்பு நிலத்தை நிரப்ப வேண்டியிருந்தால் தூய்மை நீர்ச் சட்டத்தின் கீழ் இன்னோர் அனுமதியும் தேவைப்படலாம்.

பொது விசாரணை பெரும்பாலும் வேலை நாளின் மாலையில், கவுண்டிக் கட்டடத்தின் ஒரு கூடத்தில் நடக்கும். விண்ணப்பித்தவர் பேசிய பிறகு, பொதுமக்கள் ஒவ்வொருவராக ஒலிபெருக்கிக்கு முன் வந்து சில நிமிடங்கள் பேசுவார்கள். குதிரை வளர்ப்பவர், குதிரை மிரண்டு ஆளைத் தள்ளினால் யார் பொறுப்பு என்று கேட்பார். கிணற்று நீர் குடிப்பவர் எரிபொருளைப் பற்றிக் கேட்பார். ஓய்வுபெற்ற தம்பதியர் தங்கள் வீட்டின் விலை இறங்கிவிடும் என்பார்கள். எல்லோருடைய அச்சத்துக்கும் அடியில் ஒரே கேள்விதான் இருக்கும்: இன்று ஒரு சிறு விமானம் என்கிறார், நாளைக்கு இது பயிற்சிப் பள்ளியாகவோ வணிக நிலையமாகவோ ஆகாது என்பதற்கு என்ன உறுதி? நம் விமானம் எவ்வளவு பாதுகாப்பானது என்று விளக்குவதில் நேரத்தைச் செலவழிப்பவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமலேயே உட்கார்ந்துவிடுகிறார்கள்.

அதனால்தான், விசாரணை நடத்தும் கவுண்டி ஆணையம் விதிக்கும் முன்பே நிபந்தனைகளை நாமே விண்ணப்பத்தில் எழுதிவிட வேண்டும் என்கிறேன். தங்கும் விமானம் இரண்டுக்கு மேல் கூடாது. பகலில் மட்டும், வார இறுதியில் எட்டு மணிக்குப் பிறகே முதல் புறப்பாடு. பயிற்சி இல்லை, வணிகம் இல்லை, எரிபொருள் விற்பனை இல்லை. பாதை விளக்குகள் இல்லை. தரையைத் தொட்டுவிட்டு உடனே எழும்பும் பயிற்சிச் சுற்றுகள் இல்லை. வட்டமடிப்பது வீடுகள் இல்லாத பக்கத்தில் மட்டும். கடைசி இரண்டும் மிக முக்கியமானவை. ஒரு புறப்பாட்டின் சத்தம் ஒரு நிமிடத்தில் ஓய்ந்துவிடும். அதே விமானம் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தலைக்கு மேல் திரும்பத் திரும்ப வரும்போதுதான் மனிதர்கள் வழக்கறிஞரைத் தேடுகிறார்கள். இத்தகைய கட்டுப்பாடுகள் செல்லுமா என்று சட்டப்படி எதிர்த்துப் பார்த்தவர்களும் உண்டு. மேரிலாந்தின் ஃபிரெடரிக் கவுண்டி ஒரு தனியார் விமானத்தளத்தின் மீது விதித்த கட்டுப்பாடுகளைக் கூட்டாட்சி நீதிமன்றம் 1987இல் செல்லும் என்றே சொன்னது.

சத்தத்தைப் பற்றி ஒரு தொழில்நுட்ப விவரம். சிறு விமானத்தில் வெளியே கேட்கும் இரைச்சலில் பெரும்பங்கு எஞ்சினிலிருந்து வருவதன்று, விசிறியின் முனையிலிருந்து வருவது. 76 அங்குல விட்டமுள்ள விசிறி நிமிடத்துக்கு 2,400 முறை சுழலும்போது அதன் முனை ஒலியின் வேகத்தில் பத்தில் ஏழு பங்கைத் தொடுகிறது. 2,700 சுற்றில் பத்தில் எட்டு. சுற்றைச் சிறிது குறைத்தாலே தரையில் கேட்கும் வேறுபாடு பெரிது. எனவே பாதுகாப்பான உயரம் வந்ததும் சுற்றைக் குறைப்பது, வீட்டின் மேல் போகாமல் முன்பே திரும்புவது ஆகியவற்றை எழுத்தில் உறுதியளிக்கலாம். எரிபொருளுக்கும் பதில் இருக்கிறது. 100 எல்.எல். என்ற வழக்கமான விமானப் பெட்ரோலில் ஈயம் உண்டு. அத்தகைய ஈய உமிழ்வு பொது நலத்துக்கு ஆபத்தானது என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2023 அக்டோபரில் முறைப்படி முடிவு செய்தது. நிலத்தில் எரிபொருளைச் சேமிக்கவே மாட்டோம், விமான நிலையத்திலேயே நிரப்பி வருவோம் என்று சொல்லிவிட்டால் கிணற்றுக்காரரின் பாதிக் கவலை தீரும். ஈயமற்ற கார் பெட்ரோலில் ஓடும் ரோட்டாக்ஸ் எஞ்சின் வைத்திருப்பவர் இன்னும் உறுதியாகப் பேசலாம்.

இந்த வழியின் குறைகளையும் சொல்ல வேண்டும். அனுமதி கிடைக்கும் என்ற உறுதி இல்லை. கிடைத்தாலும் அண்டை வீட்டார் மேல்முறையீடு செய்யலாம். நிபந்தனையை மீறினால் அனுமதி ரத்தாகலாம். இன்று மனமுவந்து எழுதிக்கொடுத்த கட்டுப்பாடு, பத்தாண்டு கழித்து மகனுக்குப் பறக்கக் கற்றுக்கொடுக்க நினைக்கும்போது நம்மையே கட்டும். வீட்டுக் காப்பீடு பொதுவாக விமானம் சார்ந்த பொறுப்பை ஏற்காது என்பதால் தனிக் காப்பீடும் தேவை. நண்பர்கள் வந்து இறங்குவதைப் பொறுத்தவரை, கட்டணமின்றிப் பொழுதுபோக்குக்காக நிலத்தைப் பயன்படுத்த விடும் சொந்தக்காரரின் பொறுப்பைக் குறைக்கும் சட்டம் பெரும்பாலான மாநிலங்களில் உண்டு. அதில் விமானப் பறப்பையும் சேர்க்க மோன்டானாவில் தோன்றிய பொழுதுபோக்கு விமான அறக்கட்டளை மாநிலம் மாநிலமாக முயன்று பலவற்றில் வென்றிருக்கிறது. ஆனால் இறங்குகட்டணம் என்று ஒரு டாலர் வாங்கினாலும் அந்தப் பாதுகாப்பு போய்விடக்கூடும்.

ஏற்கெனவே உள்ள ஓடுபாதையை வாங்குவது

காகிதம் சரியாக இருந்தால், ஐந்து வழிகளிலும் இதுவே சிறந்தது. ஓடுபாதையோடு பல ஆண்டுகள் வாழ்ந்து பழகிய அண்டை வீட்டாரை எந்தக் கட்டணம் கட்டியும் புதிதாகப் பெற முடியாது. நில மண்டல விதி வருவதற்கு முன்பே இருந்த பயன்பாடு என்றால், விதிக்குப் பொருந்தாவிட்டாலும் சட்டப்படி தொடரும் உரிமை அதற்கு உண்டு.

சிக்கல் அந்தக் காகிதத்தில்தான். வரைபடத்தில் தனியார் விமானத்தளம் என்ற குறியும் எஃப்.ஏ.ஏ. பதிவேட்டில் ஓர் அடையாள எண்ணும் இருப்பதைத் தரகர் பெருமையாகக் காட்டுவார். தனியார் தளங்களைப் பற்றி அந்தப் பதிவேட்டில் இருப்பது பெரும்பாலும் சொந்தக்காரர் தாமே கொடுத்த விவரம். கவுண்டி அனுமதி இருக்கிறது என்பதற்கு அது சான்று ஆகாது. பழைய பயன்பாட்டு உரிமைக்கும் உயிர் நிரந்தரம் இல்லை. தொடர்ச்சியாகக் குறிப்பிட்ட காலம் பயன்படுத்தாமல் விட்டால் அது அற்றுப்போகும் என்று பல கவுண்டிகளின் விதி சொல்கிறது. சில இடங்களில் ஓராண்டே போதும். முதியவர் ஒருவர் பறப்பதை நிறுத்திவிட்டுச் சில ஆண்டுகள் வீட்டில் இருந்து, பிறகு இறந்து, வாரிசுகள் விற்கும் நிலம் என்றால் இந்தக் கேள்வியே முதல் கேள்வி. மேலும், அந்த உரிமை இருந்தபடியே தொடரத்தான், பெருக அன்று. புல் பாதைக்குத் தார் போடுவதும், ஒரு விமானம் இருந்த இடத்தில் மூன்றை நிறுத்துவதும் விரிவாக்கம் என்று எதிர்க்கப்படலாம்.

ஆகவே கவுண்டியின் கோப்பைக் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும். விதி வந்த ஆண்டுக்கு முன் ஓடுபாதை இருந்ததைக் காட்ட, 1930களிலிருந்து வேளாண் துறை எடுத்து வைத்திருக்கும் வான்படங்கள் கைகொடுக்கும். அந்தப் படத்தில் வயலுக்கு நடுவே வெளிறிய நேர்கோடு தெரிந்தால், நூறு வாய்மொழிச் சாட்சிகளைவிட அது மேல். முனைகளுக்கு அப்பாலுள்ள நிலத்தின் மீது வசதியுரிமை பதிவாகியிருக்கிறதா, அல்லது இதுவரை நடந்ததெல்லாம் இரண்டு பழைய நண்பர்களின் வாய்ப்பேச்சா என்பதையும் பார்த்துவிட வேண்டும். நண்பர் நிலத்தை விற்றால் வாய்ப்பேச்சும் அதோடு போய்விடும்.

விமானக் குடியிருப்பு

கலிபோர்னியாவின் ஃபிரெஸ்னோவில் 1946இல் தொடங்கிய சியரா ஸ்கை பார்க் இந்த வகைக்கு முன்னோடி. புளோரிடாவில் டேடோனா பீச் அருகே, இரண்டாம் உலகப்போர்க் காலக் கடற்படைத் தளத்தின் மீது வளர்ந்த ஸ்ப்ரூஸ் கிரீக் இன்று இந்த வகையில் மிகப் புகழ்பெற்றது. கார் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்திலேயே விமானக் கொட்டகை, தெருவிலேயே விமானம் ஓட்டிச் சென்று பொது ஓடுபாதையை அடையும் வசதி, அண்டை வீட்டாரும் விமானம் வைத்திருப்பவர் என்பதால் சத்தச் சண்டை இல்லை. விலை அதிகம், சங்கத்தின் சந்தாவும் விதிகளும் உண்டு, இடத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் குறைவு. தனிமையைத் தேடி நிலம் வாங்க நினைத்தவருக்கு இது பொருந்தாது. ஓடுபாதை மட்டுமே வேண்டும் என்பவருக்கு, வழக்கறிஞர் செலவையும் சேர்த்துக் கணக்குப் போட்டால், விலை அவ்வளவு அதிகமாகத் தோன்றாது.

கொட்டகை வாடகை

கூட்டாட்சி மானியம் வாங்கிய பொது விமான நிலையம், நியாயமான நிபந்தனைகளில், பாகுபாடின்றி விமானக்காரர்களுக்கு இடமளிக்க உறுதி கொடுத்திருக்கிறது. ஓடுபாதைப் பராமரிப்பு, மர வெட்டு, அண்டை வீட்டார் புகார் எல்லாம் அவர்கள் தலைவலி. விளக்கு உண்டு, எரிபொருள் உண்டு, மழைநாளில் சேறு கிடையாது. குறை என்றால், பெருநகரங்களை ஒட்டிய நிலையங்களில் கொட்டகைக்குக் காத்திருப்போர் பட்டியல் ஆண்டுக்கணக்கில் நீள்கிறது. வீட்டிலிருந்து ஒவ்வொரு முறையும் காரில் போக வேண்டும்.

பொது நிலையம் என்பதால் அது என்றைக்கும் நிலைக்கும் என்றும் சொல்ல முடியாது. 2003 மார்ச் மாத இறுதியில் ஒரு நள்ளிரவில் சிகாகோ மேயரின் உத்தரவால் அந்த நகரின் மெய்க்ஸ் ஃபீல்டு விமான நிலையத்தின் ஓடுபாதை இயந்திரங்களால் கிழிக்கப்பட்டது. காலையில் 16 விமானங்கள் புறப்பட வழியின்றி நின்றன. முன்னறிவிப்பின்றி மூடியதற்காக எஃப்.ஏ.ஏ. விதிக்க முடிந்த அபராதம் 33,000 டாலர். தனியார் ஓடுபாதைக்காரர் படிவம் நிரப்பும் அதே 157ஆம் பகுதியின் கீழ்தான் அதுவும் வந்தது. சான்டா மோனிகா விமான நிலையத்தை 2028க்குப் பிறகு மூடிக்கொள்ள நகரத்துக்கு 2017இலேயே வழி விடப்பட்டது. இரண்டு இடங்களிலும் விமான நிலையத்தை நடத்தியது நகராட்சியே.

எனவே எதைத் தேர்வது

நிலத்தின் இரு முனைகளுக்கும் நேரே அரை மைலுக்குள் வீடுகள் இருந்தால், விதி எவ்வளவு சாதகமாக இருந்தாலும், டெக்சஸாகவே இருந்தாலும், அங்கே ஓடுபாதை போடக் கூடாது என்பதே என் முடிவு. அனுமதி தேவையில்லாத இடத்தில் தொல்லை வழக்கு வந்தால், அனுமதிக் கடிதம் என்ற கேடயம்கூட நம் கையில் இருக்காது. ஒரு முனையாவது காட்டுக்கோ ஆற்றுக்கோ, நீண்டகால விவசாயத்தில் இருக்கும் பெருவயலுக்கோ திறந்து, நிலமும் 80 ஏக்கருக்குக் குறையாமல் நீண்டு கிடந்தால், நிபந்தனை அனுமதிக்கு முயலலாம். பழைய ஓடுபாதை ஒன்று சரியான கோப்புகளோடு கிடைத்தால், வீடு சற்றுப் பழையதாக இருந்தாலும் அதையே வாங்கலாம். ஆண்டுக்கு ஐம்பது மணிநேரம்கூடப் பறக்காதவருக்கு இவற்றில் எதுவும் தேவையில்லை. கொட்டகை வாடகை போதும், மிச்சப் பணத்தில் கூடுதலாகப் பறக்கலாம்.

முடிவு எதுவானாலும் முதலில் செய்ய வேண்டியவை இரண்டு. நிலம் வாங்கும் ஒப்பந்தத்தில், கவுண்டி அனுமதி மேல்முறையீட்டுக் காலமும் கடந்து உறுதியான பிறகே கிரயம், கிடைக்காவிட்டால் முன்பணம் திரும்ப வேண்டும் என்ற விதியை எழுதிச் சேர்க்க வேண்டும். விற்பவர் மறுத்தால் அந்த நிலத்தை விட்டுவிடலாம். இன்னொன்று, அதே வாரத்தில் அருகிலுள்ள கவுண்டி விமான நிலையத்துக்குப் போய்க் கொட்டகைக் காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுத்துவிடுவது. அனுமதி விசாரணை முடிய ஓராண்டு ஆகிவிடலாம். அதற்குள் பட்டியலும் நகர்ந்திருக்கும்.